800 ஆண்டுப் பல்கலைக்கழகத்தில் அரிச்சுவடி படிக்கும் பெரியவர்கள்!

ஸ்பெயின் நாட்டில் சலமாங்கா என்று ஓர் ஊர் இருக்கிறது. பெரிய பட்டணம் அல்ல. மக்கள் தொகை சுமார் ஒன்றரை லட்சம்தான். தலைநகர் மாட்ரிட்டில் இருந்து மேற்கே சுமார் 200 கிலோ மீட்டர் தூரம். டோர்மெஸ் என்ற ஆற்றின் கரையில் இருக்கிறது.

ஊரில் உள்ள பழைய கட்டிடங்கள் எல்லாம் ஒரே வகைக் கல்லால் கட்டப்பட்டவை. மாலை வெயில் பட்டதும் அந்தக் கல் பொன் போல மின்னும். அதனால் சலமாங்காவுக்குப் "பொன் நகரம்" என்று பெயர்.

இந்த ஊருக்கு ஆண்டுதோறும் வெளிநாட்டில் இருந்து ஆயிரக்கணக்கான பேர் வந்து இறங்குகிறார்கள். அமெரிக்கா, சீனா, ஜப்பான், பிரேசில், ஜெர்மனி என்று பல நாட்டுக்காரர்கள். மாணவர்கள் உண்டு. வேலை பார்ப்பவர்கள் உண்டு. தலை நரைத்தவர்களும் உண்டு.

அவர்களில் பலர் நன்றாகப் படித்தவர்கள். சொந்த ஊரில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர்கள். ஆனால் இங்கே வந்த முதல் நாள், "கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்" என்று கேட்கத் தெரியாது! குழந்தையைப் போல, கையைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

எதற்காக இந்தப் பாடு?

ஸ்பானிஷ் மொழி படிப்பதற்காக!

50 கோடிப் பேர்

ஸ்பானிஷ் மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் சுமார் 50 கோடிப் பேர். 20 நாடுகளில் அது ஆட்சி மொழி. மெக்சிகோ, கியூபா, கொலம்பியா, பெரு, சிலி, அர்ஜென்டினா எல்லாம் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவை. ஆப்பிரிக்காவில் ஈக்குவடோரியல் கினி என்ற சின்ன நாட்டிலும் அது ஆட்சி மொழிதான். ஐக்கிய நாடுகள் சபையின் 6 ஆட்சி மொழிகளில் ஸ்பானிஷும் ஒன்று.

சலமாங்கா பல்கலைக்கழகம் 1218-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர், லெயோன் நாட்டு மன்னர் 9-வது அல்போன்சோ. ஸ்பெயின் நாட்டில் இன்றும் நடந்து வரும் பல்கலைக்கழகங்களில் இதுதான் மிகப் பழையது. 2018-ம் ஆண்டில் அதற்கு 800 வயது நிறைந்தது.

அங்கே வெளிநாட்டாருக்கு ஸ்பானிஷ் கற்றுக் கொடுக்கும் வகுப்புகள் 1929-ம் ஆண்டு முதல் நடக்கின்றன. சில வாரப் படிப்பும் உண்டு. பல மாதப் படிப்பும் உண்டு. ஒன்றுமே தெரியாதவர்களுக்கு என்று தனி வகுப்பு இருக்கிறது. மொத்தம் 6 படிகள். முதல் படிக்கு "ஏ-1" என்று பெயர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் அரிச்சுவடி வகுப்பு!

காலையில் இலக்கணம். பிறகு பேச்சுப் பயிற்சி. அதன் பிறகு ஸ்பெயின் நாட்டின் சரித்திரம், ஓவியம், சாப்பாடு, பழக்க வழக்கம். மொழியை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது, அந்த மக்கள் வாழும் வாழ்க்கையையும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கு உள்ள முறை.

மேசை நமக்கும் தெரியும்!

முதல் நாள் படிக்கும் சொற்கள் எல்லாம் வீட்டுச் சொற்கள்.

"ஓலா" என்றால் வணக்கம். "கிராத்தியாஸ்" என்றால் நன்றி. "ஆகுவா" என்றால் தண்ணீர். "பான்" என்றால் ரொட்டி. "லேச்சே" என்றால் பால்.

"மேசா" என்றால் என்ன தெரியுமா? மேசைதான்!

இது எப்படி வந்தது? ஸ்பானிஷும் போர்த்துக்கீசும் லத்தீன் வயிற்றில் பிறந்த அக்காள்-தங்கை. போர்த்துக்கீசியர்கள் கப்பல் ஏறித் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தார்கள். அவர்களோடு சில சொற்களும் வந்து இறங்கின. மேசை, அலமாரி, சாவி, மேஸ்திரி, பாதிரி எல்லாம் அப்படி வந்தவை. அதே சொற்களை ஸ்பானிஷ் மொழியிலும் பார்க்கலாம். அலமாரிக்கு "அர்மாரியோ". சாவிக்கு "யாவே". ஆசிரியருக்கும் கை தேர்ந்தவருக்கும் "மாயெஸ்த்ரோ". தகப்பனாருக்கு "பாத்ரே".

ஆரஞ்சுப் பழத்துக்கு ஸ்பானிஷில் "நராங்ஹா" என்று பெயர். இந்தச் சொல் அரபு மொழியில் இருந்து வந்தது. அரபுக்குப் பாரசீகத்தில் இருந்து போனது. பாரசீகத்துக்கு வடமொழியில் இருந்து போனது. அதற்கும் அடியில் இருப்பது நமது நாரத்தங்காய்தான் என்று சொல்லும் மொழி அறிஞர்களும் உண்டு.

அரபு எப்படி ஸ்பெயினுக்குள் வந்தது? 711-ம் ஆண்டில் அரபுப் படை ஸ்பெயினுக்குள் நுழைந்தது. 1492 வரை ஸ்பெயினின் ஏதாவது ஒரு பகுதி முஸ்லிம் மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. கிட்டத்தட்ட 800 ஆண்டுகள்! ஆட்சி போய் விட்டது. சொற்கள் தங்கி விட்டன. சர்க்கரைக்கு "அதூக்கர்", அரிசிக்கு "அர்ரோத்" என்று சொல்வது எல்லாம் அரபு வழியாக வந்தவைதான். "நல்லபடியாக நடக்க வேண்டுமே!" என்று ஏங்கும்போது ஸ்பெயின்காரர்கள் "ஓஹலா" என்பார்கள். "கடவுள் நினைத்தால்" என்ற அரபுச் சொல்தான் அப்படித் தேய்ந்து விட்டது.

தக்காளிக்கு "தொமாத்தே". அது மெக்சிகோவின் பழங்குடி மக்கள் பேசிய நவாத் மொழியில் இருந்து வந்த சொல். ஆக, காய்கறிக் கூடையில் கை விட்டாலே போதும். பாதிச் சரித்திரம் கைக்கு வந்து விடும்!

தலையில் ஒரு கோடு

எழுத்துகள் மொத்தம் 27. ஆங்கில எழுத்துகள்தான், கூடுதலாக ஒன்று உண்டு. "என்" என்ற எழுத்தின் தலையில் ஒரு சிறு நெளிகோடு போட்டு இருக்கும்.

அந்தக் காலத்தில் கையால் புத்தகம் எழுதியவர்கள், இரண்டு "என்" சேர்ந்து வந்தால் இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஒன்றை மற்றதன் தலை மேல் ஏற்றி விட்டார்கள். அதுதான் இந்தக் கோடு. அதன் ஓசை என்ன? நமது "ஞ"! ஸ்பெயினின் பெயரே அந்த மொழியில் "எஸ்பாஞா"தான்.

ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்த ஓசைக்குத் திண்டாடுவார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இது பால பாடம்.

கோட்டை மறந்து விட்டால் ஆபத்து! "ஆஞோ" என்றால் ஆண்டு. கோடு இல்லாமல் எழுதினால் வாய் விட்டுச் சொல்லக் கூடாத வேறு பொருள் வந்து விடும். புதிதாகப் படிப்பவர்கள் தங்கள் வயதை எழுதும்போது இந்தத் தவறைச் செய்வார்கள். வகுப்பு முழுவதும் சிரிக்கும். அதன் பிறகு ஆயுளுக்கும் மறக்காது!

ஊருக்கு ஊர் உச்சரிப்பும் மாறும். சலமாங்காவில் நன்றி சொல்லும்போது, நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்துக் "கிராத்தியாஸ்" என்பார்கள். மெக்சிகோவிலும் பெருவிலும் "கிராசியாஸ்" என்பார்கள். இரண்டும் சரிதான்.

எனக்குப் பிடிக்கும்

"நான் பேசுகிறேன்" என்று சொல்ல, ஆங்கிலத்தில் "நான்" வந்தே தீர வேண்டும். தமிழில் "பேசுகிறேன்" என்றாலே போதும். ஸ்பானிஷும் அப்படித்தான். "ஆப்லோ" என்றால் பேசுகிறேன். "ஆப்லாஸ்" என்றால் பேசுகிறாய். சொல்லின் வாலைப் பார்த்தே ஆளைத் தெரிந்து கொள்ளலாம்.

"எனக்குக் காப்பி பிடிக்கும்" என்பதை ஸ்பானிஷில் "மே குஸ்தா எல் காபே" என்பார்கள். "நான் காப்பியை விரும்புகிறேன்" என்ற அமைப்பு அல்ல இது. பிடிக்கும் வேலையைச் செய்வது காப்பி! அது "எனக்கு"ப் பிடிக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இதைப் புரிய வைக்க ஆசிரியர்கள் பாடாய்ப் படுவார்கள். தமிழ் பேசுகிறவருக்கு இது பழக்கமான பாதை.

எல்லாமே இப்படிச் சுலபமா? இல்லை!

மேசை பெண், புத்தகம் ஆண்

தமிழில் உயிர் இல்லாத பொருள் எல்லாம் அஃறிணை. "அது" என்று சொல்லி விட்டால் தீர்ந்தது. ஸ்பானிஷில் அப்படி இல்லை. பொருள்களிலும் ஆண், பெண் உண்டு!

மேசை பெண். புத்தகம் ஆண். சூரியன் ஆண். நிலா பெண். "கை" என்ற சொல்லின் முடிவைப் பார்த்தால் ஆண் போல இருக்கும். ஆனால் அது பெண். "நாள்" என்ற சொல் பெண் போல இருக்கும். ஆனால் அது ஆண். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. மனப்பாடம்தான்!

கடல் ஆணா, பெண்ணா? பொதுவாக ஆண் என்றே எழுதுகிறார்கள். ஆனால் மீனவர்களும் மாலுமிகளும் கவிஞர்களும் கடலைப் பெண்ணாகவே சொல்வார்கள். கடலோடு வாழ்கிறவர்கள் சொன்னால் யார் மறுக்க முடியும்?

அடுத்த கஷ்டம், "இருக்கிறான்" என்பதற்கு இரண்டு சொற்கள். ஒன்று, ஆளின் இயல்பைச் சொல்வது. மற்றது, இப்போதைய நிலையைச் சொல்வது.

"எஸ் மாலோ" என்றால் "அவன் கெட்டவன்". "எஸ்தா மாலோ" என்றால் "அவனுக்கு உடம்பு சரி இல்லை". சொல் ஒன்று மாறினால், நோயாளி போக்கிரி ஆகி விடுவான்!

இறந்தவரைப் பற்றிச் சொல்லும்போது எதைப் பயன்படுத்துவது? மரணம் மாறாதது, எனவே இயல்பைக் குறிக்கும் சொல்தான் வரும் என்று மாணவர்கள் நினைப்பார்கள். தவறு! நிலையைக் குறிக்கும் சொல்தான் வரும். மரணமும் ஒரு நிலைதான் என்று அந்த மொழி கருதுகிறது.

நீயா? நீங்களா?

ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். நாயைக் கூப்பிடவும் அதுதான்; நீதிபதியிடம் பேசவும் அதுதான். ஸ்பானிஷில், தமிழைப் போல மரியாதை உண்டு. "தூ" என்றால் நீ. "உஸ்தெத்" என்றால் நீங்கள்.

"உஸ்தெத்" என்ற சொல் பிறந்த கதை சுவையானது. பெரிய மனிதர்களைப் பார்த்து, "தங்கள் கருணை" என்ற பொருளில் "புவெஸ்த்ரா மெர்தெத்" என்று சொல்வது அந்தக் கால வழக்கம். சொல்லிச் சொல்லித் தேய்ந்து, அது "உஸ்தெத்" ஆகி விட்டது.

ஆனால் எங்கே எதைச் சொல்வது என்பது புத்தகத்தில் அடங்காது. ஸ்பெயினில் இன்று "நீ"தான் அதிகம். பல்கலைக்கழகத்தில் ஆசிரியரைக் கூட மாணவர்கள் "நீ" என்றே பேசுவது உண்டு. அது மரியாதைக் குறைவு அல்ல. கொலம்பியாவின் சில பகுதிகளில் இதற்கு நேர் எதிர். புருஷனும் பெண்டாட்டியும் கூட "நீங்கள்" என்று பேசிக் கொள்வார்கள். அர்ஜென்டினாவில் "நீ"க்கு வேறு சொல்லே இருக்கிறது: "போஸ்".

மொழியோடு வாழ்க்கையையும் ஏன் படிக்க வேண்டும் என்பது இங்கேதான் தெரிகிறது.

வீட்டில் நடக்கும் வகுப்பு

சலமாங்காவுக்கு வரும் மாணவர்களில் பலர், அந்த ஊர்க் குடும்பங்களோடு தங்கிப் படிக்கிறார்கள். பள்ளியில் பாதிப் பாடம். வீட்டில் மீதிப் பாடம்.

மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல்தான். இரவுச் சாப்பாடு 9 மணிக்கு, சில வீடுகளில் 10 மணிக்குக் கூட. அதுவரை பசியோடு தவிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள், "எனக்குப் பசிக்கிறது" என்று சொல்ல எப்படியோ சீக்கிரமே கற்றுக் கொள்வார்கள்!

சாப்பிட்டு முடித்ததும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். அப்படியே உட்கார்ந்து பேசிக் கொண்டு இருப்பார்கள். அதற்கு ஒரு தனிப் பெயரே உண்டு: "சோப்ரே மேசா". "மேசை மேல்" என்று பொருள். சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் இந்தப் பேச்சுதான் மொழி படிக்க வந்தவருக்கு நல்ல பள்ளிக்கூடம்.

"தோர்த்தியா" என்று சொன்னால் ஸ்பெயினில் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்த பெரிய அடை வரும். மெக்சிகோவில் அதே சொல்லைச் சொன்னால் சோள ரொட்டி வரும்.

ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள். ஒன்று அப்பா வழி. மற்றது அம்மா வழி. ஸ்பானிஷ் பேசும் மற்ற நாடுகளிலும் பெரும்பாலும் இப்படித்தான். 1982-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கேசின் பெயரைப் பாருங்கள். கார்சியா, தகப்பனார் வழி. மார்க்கேஸ், தாயார் வழி. ஸ்பெயினில் பெண்கள் கல்யாணம் ஆன பிறகும் தங்கள் பெயரை மாற்றிக் கொள்வது இல்லை.

தவளை எங்கே?

பரீட்சை நெருங்கினால் மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் பழைய வாசலுக்கு முன்னால் போய் நிற்பார்கள். அண்ணாந்து பார்ப்பார்கள். தவளையைத் தேடுவார்கள்!

அந்த வாசல் முகப்பு 16-ம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான சிறு சிற்பங்கள் அதில் உண்டு. அவற்றின் நடுவே ஒரு மண்டை ஓடு. அதன் மேல் ஒரு சின்னத் தவளை. யாருடைய உதவியும் இல்லாமல் அதைக் கண்டுபிடித்து விட்டால் பரீட்சையில் தேறலாம் என்பது நம்பிக்கை.

பட்டம் வாங்கியவர்களின் பெயரைச் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதி வைப்பதும் அந்த ஊர் வழக்கம். முற்காலத்தில் காளையின் இரத்தம் கலந்து எழுதினார்களாம். இன்றும் பழைய சுவர்களில் அந்த எழுத்துகளைப் பார்க்கலாம்.

உள்ளே ஒரு பழைய வகுப்பு அறை இருக்கிறது. மரத்தைக் கரடுமுரடாக வெட்டிப் போட்ட பெஞ்சுகள். 16-ம் நூற்றாண்டில் லூயிஸ் தெ லெயோன் என்ற துறவி பாடம் நடத்திய அறை அது. அவர் பெரிய கவிஞர். பைபிளில் உள்ள உன்னதப் பாட்டை, மக்கள் பேசும் ஸ்பானிஷ் மொழியில் எழுதினார். அந்தக் காலத்தில் அது குற்றம்! இதையும் வேறு சில புகார்களையும் வைத்து, 1572-ம் ஆண்டில் மத விசாரணைக் குழு அவரைச் சிறையில் தள்ளியது. 1576 டிசம்பரில்தான் விடுதலை கிடைத்தது.

திரும்பி வந்த அவர், நடுவில் ஒன்றுமே நடக்காதது போல, முதல் நாள் விட்ட இடத்தில் இருந்து பாடத்தைத் தொடர்ந்தார் என்று ஒரு கதை உண்டு. ஸ்பெயினில் அதைச் சொல்லாத ஆசிரியர் இல்லை.

ராணி கேட்ட கேள்வி

ஸ்பானிஷ் மொழிக்கு முதல் இலக்கண நூல் வந்ததும் இதே சலமாங்காவில்தான். எழுதியவர், இங்கே ஆசிரியராக இருந்த அந்தோனியோ தெ நெப்ரிஹா. அச்சாகி வந்த நாள், 1492-ம் ஆண்டு ஆகஸ்டு 18.

அதற்கு 15 நாள் முன்புதான் கொலம்பஸ் மூன்று கப்பல்களோடு புறப்பட்டு இருந்தார். அக்டோபர் 12-ம் தேதி அவர் அமெரிக்கத் தீவு ஒன்றில் கால் வைத்தார்.

இலக்கண நூலின் மாதிரியைக் காட்டியபோது, "இதனால் என்ன பயன்?" என்று ராணி இசபெல்லா கேட்டாராம். அருகில் இருந்த பிஷப் பதில் சொன்னார்: ராணி பல நாடுகளைப் பிடிக்கப் போகிறார். தோற்றவர்களுக்கு நம்முடைய சட்டமும் மொழியும் தெரிய வேண்டாமா? அதற்கு இந்த நூல் உதவும் என்றார். நெப்ரிஹாவே தமது முன்னுரையில் இதை எழுதி வைத்து இருக்கிறார்.

அப்படித்தான் நடந்தது. படை போன இடம் எல்லாம் ஸ்பானிஷும் போனது. பல பழங்குடி மொழிகள் அழிந்தன. இன்று 20 நாடுகளில் ஸ்பானிஷ் பேசப்படுகிறது என்ற பெருமைக்குப் பின்னால் இந்தத் துயரமும் இருக்கிறது.

ஆனால் அதே நூலின் கடைசிப் பகுதியில் இன்னொரு விஷயமும் உண்டு. வேறு மொழி பேசுகிறவர்கள் ஸ்பானிஷ் கற்றுக் கொள்வதற்கு என்றே நெப்ரிஹா ஒரு பகுதி எழுதினார். இன்று "ஏ-1" வகுப்பில் நடக்கும் பாடத்துக்கு அதுதான் பாட்டன்.

இதே பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா என்ற ஆசிரியரும் இருந்தார். 1539-ம் ஆண்டில் அவர் நடத்திய பாடத்தில், அமெரிக்கப் பழங்குடி மக்களே தங்கள் மண்ணுக்கு உண்மையான சொந்தக்காரர்கள் என்று வாதாடினார். நாடு பிடிக்கும் வேலை மும்முரமாக நடந்த காலம் அது. ஒரு துறவி வகுப்பில் நின்று இப்படிப் பேசினார் என்றால் சாதாரண விஷயம் அல்ல.

கிழவர் எழுந்தார்

400 ஆண்டுகள் ஓடின. 1936-ம் ஆண்டு. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர். தளபதி பிராங்கோவின் படை சலமாங்காவைப் பிடித்து இருந்தது.

அக்டோபர் 12-ம் தேதி. கொலம்பஸ் கால் வைத்த நாள். பல்கலைக்கழக மண்டபத்தில் விழா. பிராங்கோவின் மனைவி மேடையில் இருந்தார். துப்பாக்கி ஏந்திய வீரர்களும் மண்டபத்தில் இருந்தார்கள்.

பேச வந்தவர்களில் ஒருவர், பாஸ்க் மக்களையும் கட்டலான் மக்களையும் தூற்றினார். ஸ்பெயினுக்கு எதிரிகள் என்றார். அந்த மக்களுக்குச் சொந்த மொழிகள் உண்டு.

பல்கலைக்கழகத் தலைவர் மிகெல் தெ உனமூனோ மேடையில் உட்கார்ந்து இருந்தார். அவருக்கு 72 வயது. உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர். பிறப்பால் பாஸ்க் இனத்தவர். புகழ் பெற்றது ஸ்பானிஷ் எழுத்தில்! போர் தொடங்கியபோது பிராங்கோவின் பக்கத்தை ஆதரித்தவர்தான் அவர். பிறகு நண்பர்கள் கைது செய்யப்படுவதையும் சுடப்படுவதையும் பார்த்து மனம் நொந்து போய் இருந்தார்.

சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. சிறையில் கிடந்த ஒருவருக்காக, அவருடைய மனைவி உதவி கேட்டு எழுதிய கடிதம். அதன் பின்புறத்தில் உனமூனோ சில குறிப்புகளைக் கிறுக்கினார். அவற்றில் இரண்டு சொற்கள்: "பென்தேர்", "கோன்பென்தேர்".

"பென்தேர்" என்றால் வெல்வது. "கோன்பென்தேர்" என்றால் எடுத்துச் சொல்லி மனதை மாற்றுவது. ஓர் அசைதான் வேறுபாடு!

கிழவர் எழுந்தார். அடித்து வெல்வது வேறு, மனதை வெல்வது வேறு என்றார். வெறுப்பு யாரையும் மனம் மாற்றாது என்றார். பிலிப்பைன்ஸ் நாட்டு ஹோசே ரிசாலின் பெயரையும் எடுத்தார். ரிசால் ஸ்பானிஷ் மொழியில் எழுதியவர். 1896-ம் ஆண்டில் ஸ்பெயின் ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றது.

மண்டபத்தில் கூச்சல் கிளம்பியது. தளபதி மில்லான் அஸ்திராய் கத்தினார். உனமூனோவைப் பத்திரமாக வெளியே அழைத்துப் போக வேண்டியது ஆயிற்று. சில நாட்களில் அவருடைய பதவி பறிக்கப்பட்டது. அதன் பிறகு அவர் வீட்டோடு இருந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 31-ம் தேதி காலமானார்.

போரில் பிராங்கோ வென்றார். 1975-ல் இறக்கும் வரை ஆண்டார். அவர் ஆட்சியில் கட்டலான், பாஸ்க், கலீசிய மொழிகள் ஒடுக்கப்பட்டன. ஆனால் அழியவில்லை! 1978-ம் ஆண்டு வந்த அரசியல் சட்டம், ஸ்பெயினின் மற்ற மொழிகளும் தங்கள் தங்கள் பகுதிகளில் ஆட்சி மொழி ஆகலாம் என்று சொன்னது.

அடித்துத் திணித்தவர் தோற்றார். கிழவர் சொன்னது நின்றது.

இன்று

இப்போது சலமாங்காவுக்கு வந்து ஸ்பானிஷ் படிப்பவர்களை யாரும் கட்டாயப்படுத்தி அழைத்து வரவில்லை. தாங்களாகவே வருகிறார்கள். வேலைக்காக வருகிறவர்கள் உண்டு. கதை, கவிதை படிக்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் உண்டு. ஸ்பானிஷ் பேசும் குடும்பத்தில் கல்யாணம் செய்து கொண்டு, மாமியாரோடு பேச வேண்டுமே என்று படிக்கிறவர்களும் இருக்கலாம்!

பரீட்சையிலும் ஒரு மாறுதல் வந்து இருக்கிறது. "சியெலே" என்ற ஸ்பானிஷ் மொழிப் பரீட்சை 2016-ம் ஆண்டில் தொடங்கியது. அதை நடத்துவதில் சலமாங்கா பல்கலைக்கழகத்தோடு மெக்சிகோ, அர்ஜென்டினா நாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இருக்கின்றன. ஒரு காலத்தில் ஸ்பெயின் பிடித்து ஆண்ட நாடுகள், இன்று அதன் பக்கத்தில் உட்கார்ந்து மார்க் போடுகின்றன. மெக்சிகோக்காரர் பேசும் ஸ்பானிஷ் "கிராசியாஸ்" தப்பு என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அரிச்சுவடி வகுப்பில் சேர்ந்தவர், ஓட்டலுக்குப் போய் முதலில் கேட்பது பெரும்பாலும் "காபே கோன் லேச்சே". பாலோடு காப்பி. "கோன்" என்றால் "உடன்", "கூட".

"பான்" என்றால் ரொட்டி என்று முதல் நாளே படித்து விடுகிறார்.

வகுப்பில் பக்கத்தில் இருப்பவரைக் "கொம்பாஞேரோ" என்று சொல்ல வேண்டும். தோழர் என்று பொருள். இதற்கு மூலம் லத்தீன். பிரித்துப் பார்த்தால், கூட உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறவர்!

மேசையும் ரொட்டியும் தெரிந்து விட்டது. இனி, கூட உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.